பின்சுவர் வாசிப்பு

வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடுவதுதான் ஆசிரியர் வேலையில் மிச்சமிருந்த ஒரே சுகம். அதையும் எங்கள் எச்.எம். பிடுங்கிக்கொண்டார்.

எங்கள் தொடக்கப் பள்ளிக்கு அந்த வருஷம்தான் தலைமையாசிரியையாக வந்திருந்தார். ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். திரும்பி வந்ததிலிருந்து அவர் வாயில் இரண்டே வார்த்தைகள்தான். ஒன்று பாராட்டு, இன்னொன்று இலக்கு. "நாம ஒருத்தர ஒருத்தர் பாராட்டிக்கிறதே இல்ல. எல்லாருக்கும் சேர்த்து ஒரு இலக்கும் இல்ல. அதான் எல்லாரும் இப்படிச் சோர்ந்து கெடக்கோம்" என்றார் முதல் கூட்டத்தில். சோர்ந்து கிடந்தது உண்மைதான். ஆனால் வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள் இருப்பதால்தான் அந்தச் சோர்வு என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏற்பாடு இதுதான். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் போன பிறகு எல்லோரும் ஸ்டாஃப் ரூமில் உட்கார வேண்டும். காலி சாக்பீஸ் டப்பாவில் ஒவ்வொரு வகுப்பின் எண்ணையும் எழுதிய சீட்டுகள் கிடக்கும். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எந்த வகுப்பு வருகிறதோ, அந்த வகுப்பு ஆசிரியரிடம் அந்த வாரம் கண்ணால் கண்ட ஒரு நல்ல காரியத்தை எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் கதவைச் சாத்திக்கொண்டால் யார் வகுப்பில் என்ன நடக்கிறது என்று அடுத்தவருக்குத் தெரியாது. எத்தனையோ வருஷம் ஒரே தாழ்வாரத்தில் வேலை பார்த்தும் ஒருவர் பாடம் நடத்தி இன்னொருவர் பார்த்ததில்லை. பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் எழுதிப் பழகிய கூட்டம் ஆயிற்றே, பாராட்டும் அந்த மொழியிலேயே வந்தது. "டீச்சர் மிக நன்று. நேரத்துக்கு வர்றாங்க. கையெழுத்து அழகு" என்றார் நாலாம் வகுப்பு டீச்சர். ஒன்றாம் வகுப்பு டீச்சர் எடுத்த சீட்டில் ஐந்தாம் வகுப்புக் கணக்கு சார் வந்தார். "சார் சுத்தமா வர்றாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கணக்கு சார் குனிந்து தன் நகங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அந்தக் கணக்கு சார் கையில் நான் மாட்டினேன். நான் மூன்றாம் வகுப்பு.

"நம்ம மூணாங்கிளாஸ் டீச்சர் குரல் கேட் வரைக்கும் கேக்குது. பள்ளிக்கூடத்துக்கு மைக்கே வாங்க வேண்டாம். கரன்ட் மிச்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். மைக் டீச்சர் என்பது எனக்கு எப்போதோ வைத்த பெயர்தான்; அன்றைக்கு அது பாராட்டாகப் பதவி உயர்ந்தது, அவ்வளவுதான்.

எனக்கு வந்த சீட்டில் இரண்டு என்று எழுதியிருந்தது. இரண்டாம் வகுப்பு என் வகுப்புக்குப் பக்கத்து வகுப்பு. நடுவில் இருப்பது சுவர்கூட இல்லை. ஒரு பெரிய அறையை இரண்டாக்க வைத்த மரத்தடுப்பு. இரண்டாம் வகுப்பு டீச்சர் எங்களிடையே சின்னவள். வந்து இரண்டு வருஷம் இருக்கும். கேட்டால் தலையாட்டுவாள், மிஞ்சிப் போனால் இரண்டு வார்த்தை, அதுவும் காதுக்குள் சொல்கிற மாதிரி. ஸ்டாஃப் ரூமில் அவளுக்கு வாயில்லாப் பூச்சி என்று பெயர்.

நான் எழுந்து மனதாரத்தான் சொன்னேன். "பக்கத்து க்ளாஸ்ல நாப்பது பிள்ளைங்க இருக்குன்னே தெரியாது. சத்தமே வராது. புண்ணியவதி! அவ மட்டும் இல்லன்னா என் தலை எப்பவோ வெடிச்சிருக்கும்."

எல்லோரும் கை தட்டினார்கள். அவள் முகம் மலரும் என்று பார்த்தேன். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். பிறகு மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள், அது எப்போதோ மூடிவிட்டிருந்தும். பாராட்டினாலும் குற்றம் போலிருக்கிறது என்று எனக்குள் சலித்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை எச்.எம். இலக்கைச் சொன்னார். வருஷக் கடைசிக்குள் இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளையும் தன் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தானாக வாசிக்க வேண்டும். எல்லா ஆசிரியரும் சேர்ந்து சுமக்க வேண்டிய இலக்கு.

"வாசிக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டார் கணக்கு சார். அவருக்கு எதற்கும் அளவு வேண்டும்.

"நான் வகுப்போட பின்சுவர்ல சாய்ஞ்சு நிப்பேன். பிள்ளை போர்டுகிட்ட நின்னு வாசிக்கணும். எனக்குக் கேட்டா பாஸ்."

இப்படித்தான் எங்கள் பள்ளியில் பின்சுவர் வாசிப்பு என்று ஒன்று வந்தது.

இலக்கு வந்ததும் முதலில் நடந்தது, ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டதுதான். ஐந்தாம் வகுப்பு நாலைக் குறை சொன்னது. நாலு என்னைப் பார்த்தது. நான் இரண்டாம் வகுப்பைச் சொன்னேன். ஒன்றாம் வகுப்பு டீச்சர் மட்டும் பெற்றவர்களைச் சொன்னார். அவருக்குக் கீழே வேறு யாரும் இல்லை.

என் குறையிலும் நியாயம் இருந்தது. அந்த வருஷம் இரண்டிலிருந்து ஏறி என்னிடம் வந்த பிள்ளைகள் மைதானத்தில் ஊரைக் கூட்டுவார்கள். புத்தகத்தைத் திறந்து வாசி என்றால் உதடு அசையும், காற்றுதான் வரும். "வாயில என்ன பூட்டா?" என்று கத்துவேன். இன்னும் கொஞ்சம் காற்று வரும். வாசிக்கத் தெரியாமல்தான் முணுமுணுக்கிறார்கள் என்று முடிவு கட்டி, எழுத்திலிருந்து ஆரம்பித்தேன். காலையில் வாய்ப்பாடு, பிறகு பாட்டு, பிறகு எழுத்துக் கூட்டி வாசிப்பு, மதியத்துக்கு மேல் கதை. எல்லாம் நானே உரக்கச் சொல்லி, அவர்களைச் சொல்ல வைக்க வேண்டும். செவிடன் காதில் ஊதிய சங்குதான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் உப்புத் தண்ணீரைக் கொப்பளித்துவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவேன்.

அப்படியும் பள்ளிக்கூடத்துக் குரல் இறங்காது. "இங்க நான் ஒருத்தன்தாம்மா இருக்கேன். கடைசி பெஞ்சுக்குக் கேக்கிற மாதிரி கத்தாதே" என்பார் என் வீட்டுக்காரர்.

இதற்கு நடுவில் அந்த வாயில்லாப் பூச்சி தினமும் காலையில் வந்து தாழ்வாரத்தில் என்னைப் பிடிப்பாள். "அக்கா, இன்னிக்கு வாய்ப்பாடு எப்ப? கதை எப்ப?" என்று அந்த ரகசியக் குரலில் கேட்பாள். என் கதவிலேயே கால அட்டவணை ஒட்டியிருக்கிறது. நான் அதை மதிப்பதில்லை என்பது வேறு விஷயம். இவளுக்கு எதற்கு என் வாய்ப்பாடு என்று எரிச்சல் வரும். என்னைப் பார்த்துக் காப்பியடித்து எச்.எம்.மிடம் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறாள் என்றுகூட நினைத்தேன். ஒருமுறை காய்ச்சலென்று நான் லீவு போட்டுவிட்டு மறுநாள் வந்தபோது, "நேத்து ஏன்க்கா வரல?" என்று கேட்டாள். கேட்டதில் கோபம் இருந்தது. என்னைக் கட்டிக்கொண்டவர்கூட என்னை அப்படிக் கேட்டதில்லை.

அரைப் பரீட்சை முடிந்த கையோடு எச்.எம். முதல் பின்சுவர் வாசிப்பை வைத்தார். நாலும் ஐந்தும் ஒப்பேற்றிவிட்டன. என் வகுப்பில் பாதிக்கு மேல் தேறவில்லை. இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளைகூடத் தேறவில்லை. ஒவ்வொன்றாக வந்து போர்டின் அருகே நின்று, புத்தகத்தைப் பிடித்து, உதட்டை அசைத்துவிட்டுப் போயிற்று என்று எச்.எம். சொன்னார். பின்சுவரில் சாய்ந்து நின்றவருக்கு மின்விசிறிச் சத்தம்தான் கேட்டதாம்.

எங்கள் இருவரையும் தன் அறைக்கு அழைத்தார். அவருக்கும் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. மேலேயிருந்து அவரை யாரோ கேட்கிறார்கள், அவர் எங்களைக் கேட்கிறார்.

"நான் யாரையும் குத்தம் சொல்லல" என்றார் அவளிடம். "ஆனா பிள்ளைங்களுக்கு ஒரு வருஷம் வீணாகக் கூடாதில்ல? மாசக் கடைசில திரும்ப வாசிப்பு வைக்கிறேன். அப்பவும் இப்படியே இருந்தா, நீங்க ஆபீஸ் வேலையப் பாருங்க. க்ளாஸ வேற ஆள்கிட்ட குடுத்துடறேன்."

அவள் தலையை ஆட்டினாள். ஆனால் நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

எச்.எம். என் பக்கம் திரும்பினார். "இலக்கு எல்லாருக்கும் சேர்த்துத்தான். நீங்க உங்க ஃப்ரீ பீரியட்ல இவங்க க்ளாஸ்ல போய் உக்காருங்க. குரல் எடுத்து வாசிக்க எப்படிப் பழக்கறதுன்னு காமிங்க. உங்களுக்குத்தான் அது கைவந்த கலை."

கால் நீட்டி உட்காரக் கிடைத்த ஒரு பீரியடும் போயிற்று. தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்தவளை இழுத்துத் தெருவில் விட்ட மாதிரி இருந்தது. முனகிக்கொண்டே மறுநாள் இரண்டாம் வகுப்புக் கதவைத் தள்ளினேன்.

உள்ளே பெஞ்சுகள் எல்லாம் ஓரமாகத் தள்ளிக் கிடந்தன. நாற்பது பிள்ளைகளும் தரையில் நெருக்கியடித்து அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவள் நடுவில் சம்மணமிட்டு இருந்தாள். ஒரு வார்த்தையை விரலால் காற்றில் எழுதினாள், பிறகு உதட்டை அகலத் திறந்து அதைச் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. பிள்ளைகள் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். கேட்டுவிட்டு அதே மாதிரி, காற்றாகவே, நாற்பது பேரும் திருப்பிச் சொன்னார்கள். உலர்ந்த இலைகளைக் கூட்டிப் பெருக்குகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்த வரிக்குப் போக அவள் டஸ்டரால் தரையில் ஒருமுறை தட்டினாள்.

நான் கடைசியில் ஒரு பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்தேன். பக்கத்தில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி புத்தகத்தோடு என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"படி பாப்போம்" என்றேன்.

அவள் வாசித்தாள். நான் குனிந்து என் காதை அவள் வாயருகே கொண்டுபோன பிறகுதான் கேட்டது. ஒரு எழுத்து விடவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள், கேள்விக்குறி வந்தால் புருவத்தைத் தூக்கினாள். பக்கம் முடிந்ததும் கேட்காமலே அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். என் வகுப்பில் இப்படி வாசிக்கிற பிள்ளையை நான் அந்த வருஷம் பார்த்ததில்லை.

"சத்தமாப் படிக்க மாட்டியா கண்ணு?"

"சத்தமாத்தான் படிச்சேன்" என்றாள், குழம்பிப் போய். "எங்க மிஸ் இப்படித்தான் படிப்பாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாசிப்பு என்றால் இதுதான் என்று அந்தப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன வருஷம் இவளிடம் இருந்துவிட்டு வந்த என் பிள்ளைகளும் அப்படித்தான். வாயில் பூட்டு இல்லை, ஒன்றும் இல்லை. அவர்கள் வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நான்தான் தள்ளி நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

மணி அடித்ததும் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அவளை ஒதுக்கிக்கொண்டு போனேன்.

"உன் தொண்டைக்கு என்னம்மா ஆச்சு?"

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். "குரல் நரம்புல காய்ப்பு விழுந்திருக்காம்க்கா. இங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு பெரிய க்ளாஸ்ல கத்திக் கத்தி வந்தது. பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பேசினா இருக்கிறதும் போயிடுமாம்."

"அப்ப லீவு போட வேண்டியதுதானே? எச்.எம். கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா ஆபீஸ்ல உக்கார வெச்சிடுவாங்க." குரல் ஒரு இடத்தில் முழுசாக நின்றுபோய், பிறகு வந்தது. "நான் அண்ணன் வீட்டுல இருக்கேன்க்கா. எனக்குக் குரல் போனத அண்ணனும் கவனிக்கல, அண்ணியும் கவனிக்கல. இந்தப் பிள்ளைங்கதான் நான் வாயத் திறந்தா நிமிர்ந்து பாக்குதுங்க. க்ளாஸும் இல்லன்னா எனக்கு என்ன இருக்கு?"

அன்றைக்கு நான் எழுந்து நின்று, சத்தமே வராது புண்ணியவதி என்று பாராட்டியது நினைவுக்கு வந்தது. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டு, கைதட்டலும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா" என்றாள். சரி என்று அவள் கையைப் பிடித்தேன்.

அன்று வீட்டில் நான் வாயே திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "என்ன ஆச்சு? சத்தத்தையே காணோமே. பயமா இருக்கு, ரெண்டு வார்த்தை திட்டேன்" என்றார்.

மறுநாள் என் வகுப்பில் நான் கத்தவில்லை. வாசிப்புப் பாடத்தில் ஒவ்வொரு பெஞ்சாகப் போய்க் குனிந்து காதைக் கொடுத்தேன். தேறவே தேறாது என்று நான் கைகழுவிய பிள்ளைகள், கதையின் நடுவில் சிரித்துக்கொண்டே வாசித்தார்கள். வகுப்பு முடியும்போது இடுப்பு நிமிரவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு அழுகைதான் வந்தது. இவ்வளவு நாள் போட்ட கூச்சல் யாருக்காக?

மாசக் கடைசி வந்தது. இலக்கு எல்லோருக்கும் பொது என்பதால், இரண்டாம் வகுப்பு வாசிப்புக்கு எச்.எம். எங்கள் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார். அவரோடு சேர்ந்து நாங்களும் பின்சுவரில் வரிசையாகச் சாய்ந்து நின்றோம். அவள் போர்டின் ஓரம் நின்றாள். காலையிலிருந்து அவள் என்னிடம்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

இரட்டைப் பின்னல் சிறுமி முதலில் வந்தாள். புத்தகத்தைப் பிரித்தாள். உதடு அசைந்தது.

"கேக்கல" என்றார் எச்.எம்.

அந்தச் சிறுமி பயந்துபோய்த் தன் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"கேக்கலம்மா." எச்.எம். பெருமூச்சு விட்டுக் கையிலிருந்த பேனாவைத் திறந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மேடம், சுவர விட்டுட்டு இங்க வாங்க."

"என்ன டீச்சர் இது? எல்லாருக்கும் ஒரே அளவுதான்னு பேசியிருக்கோம்ல?"

"அளவு இருக்கட்டும் மேடம். ஒரே ஒரு தரம் வந்து காதைக் குடுங்க. அப்புறம் எழுதுங்க." என் குரல் கேட் வரைக்கும் போயிருக்கும்.

எச்.எம். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வகுப்பின் நீளம் முழுக்க நடந்து போய், புடவையை ஒதுக்கிக்கொண்டு அந்தச் சிறுமியின் முன் மண்டியிட்டு, தலையைச் சாய்த்தார். சிறுமி அவர் காதில் வாசித்தாள். எச்.எம்.மின் பேனா அப்படியே நின்றது. பக்கம் முடிந்தது. "அடுத்த பக்கம் வாசி" என்றார். அதுவும் முடிந்தது.

அவர் நிமிராமலே எங்களைப் பார்த்துக் கையசைத்தார். நாங்களும் போனோம். ஆளுக்கொரு பிள்ளையிடம் குனிந்து காதைக் கொடுத்தோம். முட்டி வலிக்காரரான கணக்கு சார் முனகிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல்தான் எழுந்தது. "அட, இதுங்க எல்லாம் படிக்குதுங்கய்யா! எங்கிளாஸ விட நல்லாப் படிக்குதுங்க!"

ஒரு பிள்ளையும் தவறவில்லை என்று சொன்னால் பொய். சிலது திக்கின, ஒன்று படத்தைப் பார்த்துக் கதை விட்டது. மற்றதெல்லாம் வாசித்தன.

"இவ்வளவு நல்லாப் படிக்கிற பிள்ளைங்கள ஏன் வாய்விட்டுப் படிக்க விடல?" என்று எச்.எம். அவளிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, உதடு அசைந்தது, காற்றுகூட வரவில்லை. பிள்ளைகள் வழக்கம்போல முன்னால் சாய்ந்து காத்திருந்தார்கள். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

பின்னர் எச்.எம். என்னிடம் தனியாகச் சொன்னார். "பிள்ளைங்க படிக்குதுங்க, ஒத்துக்கிறேன். ஆனா குரலே இல்லாத ஆள்கிட்ட நாப்பது பிள்ளைங்கள எப்படி விடறது? ஒண்ணு விழுந்து அடிபட்டா கூப்பிடக்கூட முடியாதே. அவங்க தொண்டையும் கெட்டுடும். வெள்ளிக்கிழமை முடிவு சொல்றேன்." அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஸ்டாஃப் ரூமில் வழக்கம்போல டீ ஆறிக் கிடந்தது. யாருக்கும் பாராட்டுகிற மனநிலை இல்லை. சாக்பீஸ் டப்பா அவளிடம் வந்தபோது அவள் சீட்டு எடுக்கவில்லை. டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு, எழுந்து, என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். என் தோளைத் தொட்டு எழுந்திருக்கச் சொன்னாள். என் காதருகே வந்து ஏதோ சொன்னாள்.

"நான் சொல்றத நீங்க சொல்லுங்கன்னு சொல்றா" என்றேன் எல்லோரிடமும்.

"மைக்குக்கு வேலை வந்துடுச்சு" என்றார் கணக்கு சார். எச்.எம். முறைத்ததும் அவர் வாயை மூடிக்கொண்டார்.

அவள் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, நான் என் குரலில் சொன்னேன்.

"நான் பாராட்ட வேண்டியது மூணாங்கிளாஸ் அக்காவ." சொல்லிவிட்டுத்தான் அது நான் என்று உறைத்தது. என்னை நானே பாராட்டிக்கொள்கிற கூத்து. திரும்பிப் பார்த்தேன். மேலே சொல்லுங்கள் என்று தலையசைத்தாள்.

"காலையில அக்கா வாய்ப்பாடு சொல்லுவாங்க. அப்ப எங்க பிள்ளைங்க எல்லாரும் தடுப்புப் பக்கம் திரும்பி உக்காந்துக்கும். அக்கா சொல்லச் சொல்ல நான் போர்டுல எழுதுவேன். அந்தப் பக்கத்துக் குரல் கேக்கணும்னா நாம சத்தம் போடக் கூடாதில்ல, அதனால பிள்ளைங்க மெதுவாச் சொல்லிப் பழகிடுச்சு."

அவள் மறுபடி என் காதருகே சாய்ந்தாள்.

"அக்கா பாட்டுச் சொன்னா நான் கையால நடிச்சுக் காட்டுவேன். அக்கா கதை சொன்னா நான் படம் வரைவேன். அக்கா 'வாய மூடு'ன்னு கத்தினா எங்க க்ளாஸும் வாய மூடும்."

ஒன்றாம் வகுப்பு டீச்சர் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"அக்கா அட்டவணைப்படி நடத்த மாட்டாங்க. அதான் தினமும் காலையில எது எப்பன்னு கேட்டு வெச்சுக்குவேன். ரெண்டு வருஷமா இந்தக் க்ளாஸ நான் தனியா நடத்தல. இது அக்காவுக்கே தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். அந்தப் பக்கத்துச் சத்தம் இந்தப் பக்கம் வராததைப் பாராட்டினேனே தவிர, இந்தப் பக்கத்துச் சத்தம் எங்கே போகிறது என்று ஒரு நாள்கூட நினைத்துப் பார்க்கவில்லை. காற்றோடு போயிற்று என்று உப்புத் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தேன்.

அவள் கடைசியாக இன்னொன்று சொன்னாள். அதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். குரல் எழும்பவில்லை.

"மைக்கு, கேக்கல" என்றார் கணக்கு சார், இந்தத் தடவை கேலி இல்லாமல்.

மறுபடி முயன்றேன், முடியவில்லை. எச்.எம். அந்தக் கோடியிலிருந்து எழுந்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, இரண்டாம் வகுப்பில் செய்த மாதிரியே தலையைச் சாய்த்து என் வாயருகே காதைக் கொடுத்தார்.

"என்ன சொன்னாங்க?"

நான் வெறும் காற்றில் சொன்னேன். "நான் லீவு போட்ட அன்னிக்குப் பிள்ளைங்க இவகிட்ட கேட்டுச்சாம். 'மிஸ், இன்னைக்கு உங்க குரல் ஏன் வரல?'ன்னு."

எச்.எம். நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார்.

"திங்கக்கிழமை ஆள் விட்டு அந்தத் தடுப்ப எடுத்துடறேன்" என்றார்.